தருமம் செய்யப் பட்டம் எதற்கு?

நம் வணிகச் சகோதரர்களின் பிள்ளைகள் பல்கலைக் கழகம் புகும் வயதை எட்டியதும், வீட்டில் அடிபடும் படிப்புகள் மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகிய மூன்றே. சமூக சேவை படிக்கப் போவதாக ஒரு பிள்ளை சொன்னால், "தருமம் செய்யப் பட்டம் எதற்கு?" என்கிறோம். கேள்வி நியாயமானதே, பதிலும் உண்டு.

போர் முடிந்து உணவு அரிதாயிருந்த 1946இல் இங்கே சமூக நல இலாகா அமைந்தது. அவ்வாண்டே அது மக்கள் உணவகங்களைத் திறந்து 35 காசுக்கு மதியச் சாப்பாடு வழங்கிற்று. பசித்தவனுக்குச் சோறிட நல்ல மனமும் அடுப்பும் போதும். வீட்டை விட்டு ஓடிய பையனுக்கு அவை போதுமா? 1952இல் அன்றைய மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் இதற்கெனத் தனித் துறை தொடங்கியது. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தின் சமூகப் பணித் துறை அதன் வழி வந்ததே. 1967 முதல் 1986 வரை அதற்குத் தலைமை வகித்த ஆன் வீ அம்மையார், 2019இல் காலமாகும் வரை இத்தொழிலின் தாயாகவே மதிக்கப்பட்டார்.

அங்கே என்ன கற்பிக்கிறார்கள்? குறுக்கிடாமல் கேட்பது, கேட்டதை வெளியே சொல்லாமல் காப்பது, சட்டம் அறிவது. பின்னர் நிலையங்களுக்குச் சென்று மேற்பார்வையில் பழகுவது. நம் கடையில் புதுப் பையன் முதலில் சரக்கு மடித்துப் பழகுவது போலத்தான்.

வாலிபர் விஷயத்தில் இதன் பயன் விளங்கும். சொல் கேளாத பிள்ளையைப் 'பெற்றோர் கட்டுக்கு அடங்காதவன்' என்று நீதிமன்றத்தில் ஒப்புவிக்கும் வழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது. 2020இல் அவ்வாணை 'குடும்ப வழிகாட்டல் ஆணை' என்று பெயர் மாறிற்று. விண்ணப்பிக்கும் பெற்றோர் முதலில் குடும்பத்துக்கான பயிற்சித் திட்டமொன்றை முடிக்க வேண்டும். குற்றம் பிள்ளையிடம் மட்டுமில்லை என்பதே இதன் பொருள். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து வீடு செல்லும் நமக்கு இது சற்றுக் கசக்கத்தான் செய்யும்.

சிராங்கூன் சாலையில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இத்தொழிலில் ஒரு தனி முதல் உண்டு. தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் தம் மனக்குறையை மொழிபெயர்ப்பாளர் நடுவே இருக்கையில் முழுதும் சொல்வாரா? வணிகத்தை விட முடியாத வாலிபர்களும் மனந்தளர வேண்டியதில்லை. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக இப்பட்டம் பயிலலாம்.