பரண் மேல பில்லை ஏத்தாதீங்க: ஒரு 37,500 ரூபாய் கணக்கு

கொடைரோடு பக்கம் நிறைய கார் ஷெட்டுக்கு மேல தகர ஷீட்தான். அதுக்குக் கீழ பரண் அடிச்சு, பழைய சாமானோட வீடு கட்டின பில் ஃபைலையும் ஏத்தி வச்சிடுவோம். சித்திரை வெயில்ல அந்த இடம் கொதிக்கும். பித்தளை அண்டா தாங்கும், பில் தாங்காது.

கடையில மெஷின் அடிச்சுத் தர்ற பில் பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அதுல மை கிடையாது. சூடு பட்டுத்தான் எழுத்தே வருது. தொடர்ந்து சூட்டுல கிடந்தா எழுத்து மங்கிடும்.

இதில் பணம் எங்கே போகிறது? மாடியில் கூடுதலாக ஒரு ரூம் எடுக்க 3,00,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். வீட்டை விற்கும்போது அதை மேம்பாட்டுச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். (சாதாரண ரிப்பேர், வெள்ளையடிப்பு இதில் வராது.) வருமான வரித்துறை கேட்டு, ஆதாரம் காட்ட முடியவில்லை என்றால்? நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5% வீதம் 37,500 ரூபாய் கூடுதல் வரி. செஸ் தனி.

அதனால மூணு வேலை பண்ணுங்க:

1. பில் வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பிடுங்க. ஒரு ஜெராக்ஸும் எடுங்க.

2. தெர்மல் பில்லை லேமினேட் பண்ணாதீங்க. மெஷின் சூட்டுல முழுசா கறுத்துடும்.

3. கொத்தனார், கடைக்காரர் யாராயிருந்தாலும் பேங்க் வழியா பணம் கொடுங்க. பில் போனாலும் ஸ்டேட்மென்ட் துணைக்கு நிக்கும்.

கடை வச்சிருக்கீங்களா? ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் வச்சிருக்கணும். அந்த ஃபைலோட இடம் பீரோ, பரண் இல்லை.

இந்த ஞாயித்துக்கிழமை ஏணி போட்டு அந்த ஃபைலை இறக்கிடுங்க.