கம்பியும் இரைச்சலும்

உடுமலைப்பேட்டை வட்டாரத்து நூற்பாலைகளின் பொறிகள் காதுக்கு மட்டும் இரைச்சல் தருவன அல்ல. 2005ஆம் ஆண்டு முதல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே அகலப்பட்டை இணையத்தை வழங்கியது. மின்பொறிகள் எழுப்பும் மின்னிரைச்சல் அத்தகைய கம்பியிற் புகவல்லது. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி அதனைத் தணிக்கும் முறைக்குக் கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றார். முறுக்கிய பின்னும் இரைச்சல் சிறிது எஞ்சும். ஆதலின், அதனை வெல்லக் குறிப்பலைக்கு வேண்டிய வலிமைக்கு மேலும் சிறிது மிச்சம் வைப்பர். அது பெரும்பாலும் 6 டெசிபெல். இணைப்பு அடிக்கடி அறுமாயின் மிச்சத்தை 9 அல்லது 12 ஆக உயர்த்துவர். அப்போது ஒவ்வோர் அலைவழியும் சுமக்கும் செய்தி குறைதலின் விரைவு தாழும், இணைப்போ நிலைக்கும். ஏற்றுமதிக் கணக்கைப் பாதியில் இழந்து தவிக்கும் வணிகர்க்கு அவ்விழப்புப் பெரிதன்று. ஆயினும், மழைநீர் புகுந்து களிம்பேறிய மூட்டுக்கு இம்மாற்றம் மருந்தாகாது. மூட்டையே புதுப்பித்தல் வேண்டும்.