கணுக்கால் அளவு நீர்

 

மழை பருவம் தவறுகிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. காவிரி டெல்டாவின் கடைமடை விவசாயி தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கிறார். மனிதக் கரங்கள் செய்தவற்றால்தான் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியது என்று அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆவது வசனம் எச்சரிக்கிறது. நம் கரங்கள் தண்ணீரை எப்படிக் கையாளுகின்றன?

மதீனாவில் கிடைத்த தீர்ப்பு

மதீனாவில் மஹ்ஸூர் என்ற ஓடையின் நீரை யார் எவ்வளவு எடுப்பது என்ற கேள்வி வந்தது. மேலே நிலம் உள்ளவர் கணுக்கால் அளவு வரை தேக்கிக்கொள்ளலாம், அதன்பின் கீழே உள்ளவருக்குத் திறந்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தலைமடைக்காரருக்கு முதல் உரிமை உண்டு. அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு.

தேவைக்கு மிஞ்சிய நீரைத் தடுத்தவருக்கு மறுமையில் அல்லாஹ் தன் அருளைத் தடுத்துவிடுவான் என்கிறது புகாரியில் உள்ள ஹதீஸ். காரணம், அந்த நீர் அவருடைய கைகள் உண்டாக்கியதல்ல.

கண்ணுக்குத் தெரியாத கீழ்மடை

சகோதரர்களே! ஓடையில் கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவார். ஆழ்துளைக் கிணற்றில் தெரியமாட்டார். நம் மோட்டார் நிற்காமல் ஓடினால் பக்கத்துக் கிணறு வற்றலாம். கடலோரத்தில் நிலத்தடி நீர் இறங்கினால் உப்புநீர் உள்ளே புகுகிறது. நம் பேரப்பிள்ளைகளும் நமக்குக் கீழ்மடையில் இருப்பவர்கள்தான்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்வயலில் எந்நேரமும் நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. அங்குள்ள நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது.

இதற்கு நம் விவசாயிகள் அறிந்த வழியே போதும்: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். மீத்தேனும் பாதி வரை குறையும். மிச்சமான நீர் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவே அந்தத் தீர்ப்பைப் பின்பற்றுவது.

வயல் இல்லாதவருக்கும் இதில் பங்குண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் உளூ செய்தார்கள். பள்ளிவாசல் குழாயைத் திறக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

யா அல்லாஹ்! பயனுள்ள மழையை எங்களுக்குத் தருவாயாக! உன் அருட்கொடையைப் பிறருக்குத் தடுக்காத நன்மக்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.