பயிற்சி அரங்கிலிருந்து வகுப்பறை வரை

அன்புள்ள தங்கைக்கு,

சினம் மூளும்போது அதைச் சினம் என்று இனங்காண்பதும், இனங்கண்டபின் அதை விழுங்கிவிடாமலும் அதன் பிடியில் சிக்காமலும் நெறிப்படுத்துவதும் பிறவிக் குணங்கள் அல்ல, கற்பிக்கத்தக்க திறன்களே என்பது இன்றைய கல்வியியலில் பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. இவ்வகைத் திறன்களைச் சமூக மனவெழுச்சித் திறன்கள் என்கின்றனர். 1994-இல் அமெரிக்காவில் தோன்றிய கேசல் என்னும் அமைப்பு, தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவு பேணல், பொறுப்புடன் முடிவெடுத்தல் என இவற்றை ஐந்தாக வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் முன்வைத்த பத்து வாழ்க்கைத் திறன்கள் இவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இந்தியப் பள்ளிகளில் அந்தப் பெயரே அதிகம் வழங்குகிறது. ஆசிரியப் பணிக்குப் படிக்கும் ஒருவர் இவ்வளவையும் உளவியல் நூல்களிலேயே கற்றுக்கொள்ளலாம். அந்நூல்கள் குறைவாகப் பேசுவது, இத்திறன்களைக் கற்பிக்கவேண்டிய பள்ளிப் பணியாளரை யார், எப்படி, எவ்வளவு காலம் பயிற்றுவது என்பதைப் பற்றித்தான். திட்டம் பலிப்பதும் பாழாவதும் பெரும்பாலும் அங்கேதான் என்பதால், இக்கடிதம் அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இதற்கு நல்ல தொடக்கமாகும். ஜோசப் டர்லாக், ரோஜர் வைஸ்பெர்க் முதலானோர் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதாவது முன்னர் நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் ஆய்வு, 213 திட்டங்களையும் அவற்றில் பங்கேற்ற 2,70,034 மாணவர்களையும் கணக்கில் எடுத்தது. இப்பயிற்சி பெற்ற மாணவர்கள் நடத்தையில் மட்டுமல்லாமல் படிப்பிலும் 11 நூற்றுமான அளவு முன்னேறியிருந்தனர். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு மாணவர் பதினொரு பேரைக் கடந்து முன்னே சென்றதற்கு இது ஈடாகும். ஆனால் பள்ளிப் பணியாளர்களே நடத்திய திட்டங்களில்தான் படிப்பில் இம்முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தியவற்றில் அவ்வாறு தெரியவில்லை. எனவே வகுப்பாசிரியரே இதற்கு உரியவர் என்று கொள்வது இயல்பு.

பீகார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சங்காத் என்னும் தன்னார்வ அமைப்பு நடத்திய சேஹர் திட்டம் இம்முடிவை அப்படியே ஏற்கவிடாமல் தடுக்கிறது. பள்ளிகள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் மாநிலத்தில் ஏற்கெனவே நடந்துவந்த வாழ்க்கைத் திறன் வகுப்புகள் மட்டுமே தொடர்ந்தன. மற்ற இரண்டிலும் அவ்வகுப்புகளோடு கூடுதலாகச் சுவரிதழ், மனக்குறை எழுதிப்போடும் பெட்டி, காலைக் கூட்டத்தில் உரையாடல், தனி ஆலோசனை ஆகியவை சேர்க்கப்பட்டன; இவற்றை ஒரு பிரிவில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட, உளவியல் பட்டம் இல்லாத ஆலோசகரும், மற்றொன்றில் அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவரும் நடத்தினர். 74 பள்ளிகளின் விளைவுகளை ஒப்பிட்ட அறிக்கை 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் ஆசிரியர் மாணவர் உறவு உள்ளிட்ட பள்ளிச் சூழல் வியக்கத்தக்க அளவில் மேம்பட்டது. மாணவரிடையே மனச்சோர்வின் அறிகுறிகளும் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, எந்தக் கூடுதல் முயற்சியும் நடக்காத பள்ளிகளிலிருந்து வேறுபட்ட விளைவு எதுவும் காணப்படவில்லை.

ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் அநீதியாகும். ஆலோசகருக்கு அது முழுநேரப் பணி. ஆசிரியருக்கோ பாடம், தேர்வு, பதிவேடு, பிற அரசுக் கடமைகள் எல்லாவற்றின் தலைமேலும் ஏற்றிவைக்கப்பட்ட மற்றொரு சுமை. இதைவிட ஆழமான வேறொரு காரணமும் இருக்கக்கூடும். மதிப்பெண் இடுபவரும், தவறு செய்தால் தண்டிக்கும் அதிகாரம் உடையவருமான ஒருவரிடம் மாணவர் தன் அச்சத்தையும் அவமானத்தையும் எளிதில் திறந்துகாட்டுவதில்லை. 2009-ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல்சார் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்திருக்கிறது. இத்தடை ஆசிரியரின் கையைக் கட்டுப்படுத்தினாலும், வகுப்பின் முன் ஒரு குழந்தையை மட்டம்தட்டிப் பேசும் பழக்கம் பல பள்ளிகளில் ஒழுக்கம் கற்பிக்கும் முறையாகவே இன்னும் எண்ணப்படுகிறது. முற்பகலில் அவ்வாறு பேசிய ஒருவர் பிற்பகலில் பிறர் உணர்வை மதிப்பது பற்றிப் பாடம் நடத்தினால், குழந்தைகள் நினைவில் கொள்வது முற்பகல் பாடத்தைத்தான். ஆகவே ஆசிரியரைப் பயிற்றுவது என்பது முதற்கண் இந்த உறவை மாற்றுவது. கையேட்டை விளக்குவது அதற்குப் பின்னரே வரவேண்டும்.

இங்கு வழக்கத்தில் உள்ள பணியிடைப் பயிற்சி பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக அமைகிறது. மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் மாவட்டத்தில் சிலருக்கும், அவர்கள் வட்டார வள மையத்தில் பலருக்குமாகச் செய்தியைக் கடத்துகின்றனர். ஒவ்வொரு படியிலும் செயல்பாடு சுருங்கி உரை நீள்வதால், கடைசிப் படியில் அமர்ந்திருக்கும் ஆசிரியரை வந்தடைவது ஒரு கையேடும் ஒரு திரைக்காட்சியுமே. பணியிடைப் பயிற்சியைப் பற்றி 1980 முதல் எழுதிய புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய இருவர், கோட்பாட்டை விளக்குதல், செய்துகாட்டல், செய்துபார்க்க வைத்தல், செய்ததைப் பற்றிக் கருத்துரைத்தல் ஆகிய நான்கும் நடந்தபின்னரும், உடன் பணிபுரியும் ஒருவர் வகுப்பறைக்கே வந்து துணைநிற்கும் வழிகாட்டல் இல்லாவிடில் கற்ற முறை அன்றாட நடைமுறையாவது அரிது என்று வலியுறுத்தினர். கணிதத்தைவிட இப்பாடத்துக்கு இது மேலும் பொருந்தும். ஏனெனில் இங்கே மாறவேண்டியது ஆசிரியரின் குரலும் முகமும், கோபத்துக்கும் சொல்லுக்கும் இடையே அவர் விடும் நேரமும் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். மார்க் கிரீன்பெர்க், கரோல் குஷே ஆகியோர் முதலில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக உருவாக்கி, பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கிய பாத்ஸ் பாடத்திட்டத்தில் ஆமை முறை என்றொரு பயிற்சி உண்டு: சினம் வந்ததும் குழந்தை கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்று, ஆழ மூச்சு விட்டு, என்ன நடந்தது, தனக்கு எப்படி இருக்கிறது என்பதை வாயால் சொல்ல வேண்டும். புலனடக்கத்துக்கு ஆமையை உவமையாக்கிய வள்ளுவரை அறிந்த தமிழ்க் குழந்தைக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இம்முறையை விளக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதைக் கற்பிக்கத் தேவையான பயிற்சி அந்தப் பத்து நிமிடத்தில் அடங்காது. வீட்டுப்பாடம் செய்யாத மாணவரோடு நடக்கும் மோதலை ஆசிரியர்கள் தமக்குள் நடித்துப் பார்க்க வேண்டும், தம் குரல் எந்தச் சொல்லில் உயர்ந்தது என்பதை உடனிருப்போரிடம் கேட்டறிய வேண்டும், பள்ளிக்குத் திரும்பியபின் உண்மையாகவே சினம் வரும் ஒரு நாளில் குழந்தைகள் காண அதைத் தாமே செய்துகாட்ட வேண்டும், அடுத்த அமர்வில் நடந்ததை மறைக்காமல் பேச வேண்டும்.

இவ்வாறு பேசுவதற்கு ஆசிரியரின் மனநலமும் பேணப்பட வேண்டும். பாட்ரிசியா ஜென்னிங்ஸ் குழுவினர் நியூயார்க் நகரின் 36 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 224 ஆசிரியர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கான பாடம் எதையும் கற்பிக்காமல், ஆசிரியர் தம் உணர்வுகளைக் கவனித்து நெறிப்படுத்தும் பயிற்சி மட்டுமே இடைவெளி விட்டுவிட்டு அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களிடம் மனத்துயரும், நேரம் துரத்துகிறது என்னும் ஓயாத பதற்றமும் குறைந்ததோடு, அவர்களது வகுப்பறைகளில் குழந்தைகளுக்குக் கிடைத்த அரவணைப்பும் கூடியதாக வெளியாட்கள் அமர்ந்து செய்த கண்காணிப்பு காட்டியது.

பள்ளிப் பணியாளர் என்ற சொல்லில் சத்துணவு பரிமாறுபவரும், அலுவலக உதவியாளரும், வாயிற்காவலரும் அடங்குவர் என்பது பயிற்சித் திட்டம் தீட்டுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் உண்மை. வரிசையில் முந்திய குழந்தையிடம் என்ன பேசப்படுகிறது என்பது வகுப்பறைக்கு வெளியேதான் முடிவாகிறது. யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968-இல் நியூ ஹேவன் நகரின் இரு பள்ளிகளில் தொடங்கிய திட்டம், தலைமை ஆசிரியர், ஆசிரியர், பெற்றோர், பிற பணியாளர் அனைவரையும் ஒரே குழுவில் அமர்த்தி, எவர்மீதும் குற்றம் சுமத்தாமல் சிக்கலைத் தீர்ப்பது என்பதை அக்குழுவின் விதியாக்கியது. பெரியவர்கள் தமக்குள் அவ்விதியைக் கடைப்பிடிக்கும் பள்ளியில், குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டியதில் பாதி அன்றாடம் அவர்கள் கண்முன்னே நடந்துவிடுகிறது.

பயிற்சியின் இறுதி அரைமணி நேரத்துக்குத் தள்ளப்படும் ஒரு பகுதி தொடக்கத்துக்கே வரவேண்டியது. மனம் திறக்கக் கற்ற குழந்தை ஒருநாள் வன்கொடுமையையோ தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் எண்ணத்தையோ சொல்லிவிடக்கூடும். அப்போது ஆசிரியர் நம்பிக்கையோடு கேட்க வேண்டும். துருவித் துருவி வினவக் கூடாது. எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. பாலியல் வன்கொடுமையாயின், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவிக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களும், மாவட்டத்தில் குழந்தையை யாரிடம் அழைத்துச் செல்வது என்ற விவரமும் ஆசிரியரின் கைக்குறிப்பில் இருக்க வேண்டும். நீ முதன்முதலாகப் பணியேற்கும் பள்ளியில் இக்குறிப்பு இல்லாவிடில், அதை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுப்பதே உன் முதல் வேலையாகட்டும்.

அன்புடன்,
அண்ணன்