ஓநாய்ப் பாடம் வலையிலிருந்து தொடங்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

பழவேற்காட்டுப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் உன் பொறுப்புக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஓநாயைப் பற்றி ஒரு பாடம் எடுத்து, அதன் வழியாகப் பிள்ளைகளுக்குக் காட்டுயிர்கள் மேல் பரிவு வரச் செய்ய வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். உன் கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகள் ஓநாயைப் பார்த்திருக்க மாட்டார்கள். கதைப் புத்தகத்தில் ஆட்டுக்குட்டியை மிரட்டும் ஓநாயோடு அவர்களுடைய பழக்கம் முடிந்தது. ஆனால் வலையைக் கிழித்துவிட்டுப் போன ஆமையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து தொடங்கு.

இரண்டு உயிர்களின் நிலைமையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தக்காணத்தின் வறண்ட புல்வெளிகளில் வாழும் இந்திய ஓநாய், வெளிமான்கள் குறைந்துபோன இடங்களில் கிடையில் புகுந்து ஆட்டைத் தூக்குகிறது. அது பெரும்பாலும் சரணாலயங்களுக்கு வெளியே, மனிதர்கள் மேய்ச்சலுக்குப் போகும் நிலத்திலேயே குட்டி போட்டு வளர்க்கிறது. பங்குனி ஆமை தை பிறந்ததும் முட்டையிட நம் கரையைத் தேடி வருகிறது. வருகிற வழியெல்லாம் வலை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. இரண்டாலும் நஷ்டப்படுகிறவர்கள் அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர்கள். ஊரில் இரண்டுக்குமே நல்ல பெயர் கிடையாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டே பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஆகவே முதல் நாளே "விலங்குகளை நேசிப்போம்" என்று கரும்பலகையில் எழுதிவிடாதே. கடன் வாங்கி வலை போட்ட வீட்டுப் பிள்ளைக்கு அது தன் அப்பாவைக் குற்றம் சொல்வதுபோலத்தான் கேட்கும். முதலில் நஷ்டக் கணக்கை அவர்களையே சொல்லவிடு. ஒரு வலை என்ன விலை, கிழிந்தால் பின்னிச் சரிசெய்ய எத்தனை நாள், அந்த நாட்களில் வீட்டில் எதை அடகு வைத்தார்கள், எல்லாவற்றையும் பலகையில் எழுது. தன் வீட்டுக் கஷ்டத்தை டீச்சர் காதுகொடுத்துக் கேட்டார் என்று தெரிந்த பிள்ளை, ஆமையின் கஷ்டத்தைக் கேட்கவும் தயாராக இருக்கும்.

அதற்குப் பிறகு வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் ஓர் ஆமையை உயிரளவுக்கு வரையச் சொல். முதுகு ஓடு இரண்டேகால் அடி, எடை நாற்பது கிலோ போல வரும். அதற்கு மீனைப்போலச் செவுள் இல்லை, நம்மைப்போல நுரையீரல்தான் என்று சொல். சும்மா கிடக்கும் ஆமை நீருக்கடியில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வலையில் மாட்டித் திமிறும்போது உள்ளிருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். கடலில் முங்கி விளையாடும் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுவது என்றால் என்னவென்று நீ விளக்க வேண்டியதில்லை.

2025 ஜனவரியில் சென்னையையும் அதன் இருபுறக் கரைகளையும் ஒட்டி நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்த அந்த உடல்கள் மூச்சுத் திணறிச் செத்தவற்றின் உடல்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது தமிழ்நாட்டில் இருக்கும் விதி. அதே விதி மீறப்படும்போது ஃபைபர் படகுக்காரர்களின் மீனும் வலையும் போவது உன் வகுப்புக்கு மனப்பாடம். ஆமையும் தங்கள் வீடும் ஒரே இழுவலையால் அடிபடுவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொள்ளாதே. அதே சமயம் காசிமேட்டு விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களை வில்லனாக்கவும் விடாதே. இழுவலையில் பொருத்தினால் ஆமை வெளியேறிவிடும் கம்பிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சம் மீனும் போய்விடுமே என்ற அவர்களுடைய கவலையும் வகுப்பில் பேசப்பட வேண்டிய விஷயம்தான்.

மீனவர்கள் மனம் மாறிய கதை வேண்டுமென்றால் குஜராத் இருக்கிறது. வேராவல் பக்கத்து மீனவர்கள் ஒரு காலத்தில் ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் திமிங்கலச் சுறாவை வேட்டையாடினார்கள். 2001-இல் சட்டம் அதைத் தடுத்தது. ஆனாலும் மாற்றம் வந்தது 2004-இல் தொடங்கிய பிரசாரத்தால்தான். கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாக அந்தச் சுறாவைப் பார்க்கச் சொன்னார். வலையில் சிக்கியதை விடுவிக்க வலையை அறுத்தால் அரசு இழப்பீடு தருவது என்ற ஏற்பாடும் வந்தது. விடுவித்ததைப் பதிவுசெய்ய மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுத்தார்கள். இதுவரை நூற்றுக்கணக்கான சுறாக்கள் அப்படிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. அறுபட்ட வலைக்குக் காசு, காப்பாற்றியவருக்கு மரியாதை என்ற இரண்டும் சேர்ந்திருக்காவிட்டால், மகள் என்ற பேச்சு மேடையோடு நின்றிருக்கும். இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்.

உன் வகுப்பில் இருளர் பிள்ளைகளும் இருப்பார்கள். பழவேற்காட்டு ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகள், பேசக் கூச்சப்படுவார்கள். பாம்பைப் பற்றிப் பேசும் நாளில் அவர்களை முன்னால் உட்கார வை. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்து தயாரிக்கக் கொடுத்துவிட்டு, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விலங்கிடம் பரிவு கற்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் அந்தப் பாடத்துக்கு அர்த்தமில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு ஓநாயைக் கொண்டு வா. ஆடு பறிகொடுத்த மேய்ப்பரின் கணக்கையும் பலகையில் போடு. வலைக் கணக்கு போட்ட பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடும். ஓநாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கும் மேய்ப்பர்கள் தக்காணத்தில் இருக்கிறார்கள். ஏரியில் இன்னார் இன்ன நாள் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு உன் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. பங்கு என்ற பேச்சு அவர்களுக்குப் புதிதாக இருக்காது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926-இல் கடைசி ஓநாய்களையும் கொன்று தீர்த்தார்கள். 1995-இல் கனடாவிலிருந்து பிடித்துவந்து மறுபடி விட்டார்கள். அதையொட்டி, கால்நடையை இழந்த பண்ணைக்காரர்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு பணம் கொடுத்தது. வலை அறுத்தவருக்கு குஜராத்தில் கொடுத்தது பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும்.

கெட்ட செய்தியை மறைக்காதே. 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய்கள் தாக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கைபேசியில் எப்படியும் பார்த்திருப்பார்கள். நீ சொல்லாமல் விட்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பிள்ளையை இழந்த தாயின் பக்கமும் நின்று பேசு. கதவில்லாத வீடுகளில், வெளியே படுத்துறங்கும் ஏழைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பதையும் சொல்.

செய்முறைக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கக் கூட்டிப் போனால் படகை நெருங்க விடாதே. கூட்டம் கலைந்து பறந்தால் அவற்றுக்கு இரை தேடும் நேரம் போகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரிக்குக் கடல்நீர் வரத்துக் குறைந்தால் இறாலுக்கும் மீனுக்கும் பறவைக்கும் என்ன ஆகிறது என்று அங்கேயே நின்று பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். இரண்டு, பொரிப்பகத்திலிருந்து ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் யாரும் கையில் எடுக்க வேண்டாம், விளக்கடிக்க வேண்டாம். குஞ்சு தானாக மணலில் ஊர்ந்து அலையைத் தொடட்டும்.

குஞ்சு பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும் என்பதால், மாசி, பங்குனியில் ஒரு நாளை இப்போதே குறித்துக்கொள். பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கேட்டு வனச்சரக அலுவலகத்துக்கு டிசம்பருக்குள் கடிதம் கொடுத்துவிடு; தலைமையாசிரியர் கையெழுத்தும் பெற்றோர் ஒப்புதலும் சேர்த்து வை. பிள்ளைகள் போட்ட வலைக் கணக்கை ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா