‘முடியாது’ என்றார்கள் மாலுமிகள்

ஒரு நாள் மாலை. உல்லாஸ்நகரில் எங்கள் தமிழ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவரவர் முகவரியை அவரவரே எழுத வேண்டும். அதுதான் அன்றைய பாடம்.

இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் எழுத்துக் கூட்டி எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

“உல்லாஸ்நகர், கேம்ப் நம்பர் நான்கு.”

படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“தம்பி, இருபது வருஷமா இங்கே இருக்கேன். வாயால எத்தனையோ தடவை கேம்ப், கேம்ப்னு சொல்லியிருக்கேன். இன்னிக்கு எழுதிப் பார்த்ததும்தான் கேட்கத் தோணுது. இது யாரோட கேம்ப்?”

“மிலிட்டரி கேம்ப்மா. வெள்ளைக்காரன் போட்டது” என்றார் பின்னால் இருந்த பெரியவர்.

“அந்த வெள்ளைக்கார ராஜா எப்படிப் போனான்? சும்மா விட்டுட்டுப் போயிருவானா?”

அக்கா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தப் பாடம்.

ராஜாவின் பலம் எது?

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. அப்போது கல்யாண் அருகே ஒரு பெரிய ராணுவ முகாம் இருந்தது. போருக்குப் போகும் சிப்பாய்கள் அதில் தங்கினார்கள். முகாமுக்கு ஆங்கிலத்தில் கேம்ப் என்று பெயர். அந்தப் பெயர்தான் இன்றும் நம் முகவரியில் இருக்கிறது. பாரக் என்று நாம் சொல்வதும் சிப்பாய்கள் குடியிருந்த கட்டடத்தைத்தான்.

அப்போது இந்தியாவுக்கு ராஜா, ஆறாம் ஜார்ஜ் மன்னர். அவர் இருந்தது லண்டனில். காசில் அவர் தலை இருந்தது. கோடிக்கணக்கான மக்களை அவருடைய அரசாங்கம் எப்படி அடக்கி வைத்தது? படையைக் கொண்டுதான். அந்தப் படையில் பெரும்பாலோர் யார்? இந்தியர்கள். நம்மைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

துப்பாக்கி ராஜாவுடையது. அதைத் தூக்கிய கை நம்முடையது. அந்தக் கை ‘முடியாது’ என்று சொன்னால் என்ன ஆகும்? அது முதலில் ரஷ்யாவில் தெரிந்தது. பிறகு நம் பம்பாயிலும் தெரிந்தது.

ரஷ்யாவில் நடந்தது

ரஷ்யா மிகப் பெரிய நாடு. அங்கே ராஜாவை ஜார் என்பார்கள். ரோமனோவ் என்ற ஒரே வம்சம் 1613 முதல் ஆண்டது. கடைசி ஜார், இரண்டாம் நிக்கோலஸ்.

1905ஆம் ஆண்டு ஜூன் மாதம். கருங்கடலில் போட்டம்கின் என்ற போர்க்கப்பல் நின்றது. மாலுமிகளுக்குச் சமைக்க வந்த இறைச்சியில் புழு நெளிந்தது. கப்பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல இறைச்சிதான் என்றார். மாலுமிகள் அந்தச் சூப்பைச் சாப்பிட மறுத்தார்கள். அதிகாரிகள் மிரட்டினார்கள். சண்டை மூண்டது. மாலுமிகள் கப்பலையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் வேறு நாட்டுத் துறைமுகத்தில் சரணடைந்தார்கள்.

அன்று ஜார் தப்பித்தார். ஆனால் படையே எதிர்க்கும் என்று நாடு கண்டுகொண்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் போயின. ஜார் தன் நாட்டை முதல் உலகப் போரில் இறக்கியிருந்தார். லட்சக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். ஊரில் ரொட்டி கிடைக்கவில்லை. தலைநகரான பெட்ரோகிராடில் பெண்கள் பனியில் கியூவில் நின்றார்கள்.

1917 மார்ச் 8. உலகப் பெண்கள் தினம். துணி மில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். “ரொட்டி வேண்டும்” என்றார்கள். மற்ற ஆலைகளின் வாசலில் போய் ஆண்களையும் அழைத்தார்கள். கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது.

சுட்டுத் தள்ளும்படி உத்தரவு வந்தது. சிப்பாய்கள் ஒரு நாள் சுட்டார்கள். பலர் செத்தார்கள். மறுநாள் சிப்பாய்களுக்கு மனம் வரவில்லை. கியூவில் நின்றவர்கள் அவர்களுடைய தாய்மாரையும் தங்கைமாரையும் போன்றவர்கள். ஒரு படைப்பிரிவு ‘முடியாது’ என்றது. பிறகு இன்னொன்று. பிறகு நகரத்துப் படை எல்லாமே மக்கள் பக்கம் வந்துவிட்டது.

மார்ச் 15 அன்று ஜார் முடியைத் துறந்தார். 300 ஆண்டு ஆண்ட வம்சம் ஒரே வாரத்தில் கவிழ்ந்தது. ரஷ்யாவில் அப்போது பழைய காலண்டர் இருந்தது. அதில் போராட்டம் தொடங்கிய நாள் பிப்ரவரி மாதத்தில் வந்தது. அதனால் இதைப் பிப்ரவரிப் புரட்சி என்பார்கள்.

பாரதியார் அப்போது புதுச்சேரியில் இருந்தார். ஜார் விழுந்ததை வரவேற்று ‘புதிய ருஷியா’ என்ற பாட்டை எழுதினார்.

பம்பாயில் நடந்தது

இப்போது நம் நகரத்துக்கு வருவோம். மும்பைக்கு அப்போது பம்பாய் என்று பெயர். அங்கும் ஒரு பிப்ரவரி வந்தது. அங்கும் மாலுமிகள்தான். அங்கும் சாப்பாட்டில்தான் தொடங்கியது.

கொலாபாவில் தல்வார் என்ற கடற்படைப் பள்ளி இருந்தது. தல்வார் என்றால் வாள். கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்பவும் வாங்கவும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். அதனால் அங்கிருந்த பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எல்லா மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள். சென்னை மாகாணத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர்களுக்குக் குறைகள் பல. சாப்பாடு வாயில் வைக்க முடியாது. ஒரே வேலைக்கு வெள்ளை மாலுமிக்குக் கூடுதல் சம்பளம், இந்திய மாலுமிக்குக் குறைந்த சம்பளம். அதிகாரி வாய்க்கு வந்தபடி திட்டுவார். போர் முடிந்ததும் பலருக்கு வேலை போகும் நிலை.

1946 பிப்ரவரி தொடக்கத்தில் தல்வாரின் சுவர்களில் ‘வெள்ளையனே வெளியேறு’, ‘ஜெய் ஹிந்த்’ என்ற எழுத்துகள் தோன்றின. பி.சி. தத் என்ற இளம் மாலுமி கைதானார்.

பிப்ரவரி 18 காலை. தல்வார் மாலுமிகள் சாப்பாட்டைத் தொடவில்லை. “சாப்பாடு இல்லை என்றால் வேலையும் இல்லை” என்றார்கள்.

அவர்கள் செய்தி அனுப்பத் தெரிந்தவர்கள் அல்லவா? கம்பியில்லாத் தந்தியில் செய்தி கப்பலுக்குக் கப்பல் பறந்தது. கராச்சி, கல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம் என்று பரவியது. 78 கப்பல்களும் 20 கரை நிலையங்களும் சேர்ந்தன. சுமார் 20,000 மாலுமிகள் வேலையை நிறுத்தினார்கள்.

கப்பல்களில் இங்கிலாந்துக் கொடி இறங்கியது. காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றும் ஏறின. மாலுமிகள் ஒரு குழு அமைத்தார்கள். எம்.எஸ். கான் தலைவர். மதன் சிங் துணைத் தலைவர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர்.

அவர்கள் நல்ல சோறு மட்டும் கேட்கவில்லை. சமச் சம்பளம் கேட்டார்கள். நேதாஜியின் படையைச் சேர்ந்த கைதிகளை விடுதலை செய்யக் கேட்டார்கள். இந்தோனேசியாவுக்கு அனுப்பிய இந்தியச் சிப்பாய்களைத் திரும்ப அழைக்கவும் கேட்டார்கள். இன்னொரு ஏழை நாட்டை அடக்க எங்களை ஏன் அனுப்புகிறாய் என்பது அதன் பொருள்.

பிப்ரவரி 21 அன்று கோட்டைப் பகுதியில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. மாலுமிகளுக்கு உணவு போகவில்லை. பம்பாய் மக்கள் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு கேட்வே ஆஃப் இந்தியா அருகே கூடினார்கள். படகுகளில் உணவு கப்பலுக்குப் போனது.

நகரம் எழுந்தது

மறுநாள் 22ஆம் தேதி. மில் சங்குகள் ஊதின. தொழிலாளர்கள் உள்ளே போகவில்லை. மில், ரயில் பட்டறை, கடை எல்லாம் நின்றன. பரேல், லால்பாக் தெருக்களில் மக்கள் திரண்டார்கள்.

ராணுவ வண்டிகள் வந்தன. வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டார்கள். பரேலில் கமல் தோண்டே என்ற பெண் குண்டடிபட்டு இறந்தார். அவர் பெண்கள் சங்கத்தில் உழைத்தவர். அந்தச் சில நாட்களில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பலர் தினக்கூலிகள்.

பெரிய தலைவர்கள் இந்தப் போராட்டத்தை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தையால் சுதந்திரம் வரப்போகிறது, இப்போது ரத்தம் வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். படையில் கட்டுப்பாடு குலைந்தால் நாளைய இந்தியாவுக்கும் ஆபத்து என்று நினைத்தார்கள். சர்தார் படேல் மாலுமிகளைச் சரணடையச் சொன்னார். மாலுமிகள் இரவெல்லாம் விவாதித்தார்கள். பிப்ரவரி 23 காலையில் போராட்டத்தை நிறுத்தினார்கள். நாங்கள் இந்தியாவிடம் சரணடைகிறோம், பிரிட்டனிடம் அல்ல என்று அறிவித்தார்கள்.

பிறகு என்ன ஆனது?

“அப்போ தோத்துட்டாங்களா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

மாலுமிகளைப் பொறுத்தவரை அது பெரிய இழப்புதான். பலர் சிறைக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போனது. சுதந்திரம் வந்த பிறகும் இந்தியக் கடற்படை அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை. பாகிஸ்தானும் எடுக்கவில்லை. இதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் ராஜாவுக்கும் இழப்புத்தான். இந்தியப் படையை நம்பி இனி இந்தியாவை ஆள முடியாது என்று லண்டனுக்குப் புரிந்தது. சுதந்திரம் இந்த ஒரு வேலைநிறுத்தத்தால் மட்டும் வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் பல பத்தாண்டுப் போராட்டம் இருந்தது. போரில் பிரிட்டனும் களைத்துப் போயிருந்தது. இருந்தாலும் கடைசி விரிசல்களில் ஒன்றை உண்டாக்கியவர்கள் இந்த மாலுமிகள்.

1947 ஆகஸ்டு 15 அன்று சுதந்திரம் வந்தது. பிரிவினையும் வந்தது. சிந்து மாகாணத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். ராஜாவின் சிப்பாய்கள் இருந்த காலி முகாமில் வீடிழந்த அந்த மக்கள் குடியேறினார்கள். 1949 ஆகஸ்டு 8 அன்று இந்தப் புதிய ஊருக்கு அடிக்கல் நாட்டினார்கள். பக்கத்தில் ஓடும் உல்ஹாஸ் ஆற்றின் பெயரால் உல்லாஸ்நகர் ஆயிற்று. அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி. அவர்தான் இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல்.

1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானது. அன்றோடு நமக்கு ராஜா இல்லை.

ரஷ்யாவின் கதை வேறு விதமாகப் போனது. 1917 நவம்பரில் லெனின் தலைமையில் இரண்டாவது புரட்சி நடந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. 1918 ஜூலையில் ஜாரையும் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றார்கள். பிறகு வந்த பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அங்கே ஒரே கட்சிதான் ஆண்டது. அந்த ஆட்சி 1991இல் முடிந்தது. ராஜா போனால் மட்டும் போதாது. பிறகு ஆள்பவரை யார் கேள்வி கேட்பது? அதுவும் முக்கியம்.

நம் நாட்டில் 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே ஓட்டு. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டியில் சின்னம் ஒட்டினார்கள்.

வகுப்பு முடியும் நேரம். அக்கா நோட்டை மூடவில்லை.

“அவங்க சோத்துக்குக் கேட்டாங்க. நாம ரேஷன் கடையில நிறுவை குறைஞ்சாக்கூட வாயைத் திறக்கிறதில்லை” என்றார்.

“கேட்டா கார்டு இல்லைன்னுருவான்மா” என்றார் பெரியவர்.

“ஒருத்தி கேட்டா அப்படித்தான் சொல்லுவான். பத்துப் பேரு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டா?”

அடுத்த வாரப் பாடம் மனு எழுதுவது என்று அன்றே முடிவாகிவிட்டது.

சொற்களும் பொருளும்

மாலுமி: கப்பலில் வேலை செய்பவர்
அரியணை: ராஜா அமரும் இருக்கை
முடி துறத்தல்: ராஜா பதவியை விட்டு விலகுதல்
குடியரசு: ராஜா இல்லாமல், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஆளும் நாடு
அகதி: சொந்த ஊரை இழந்து வந்தவர்

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. நம் ஊரில் கேம்ப் என்ற பெயர் எப்படி வந்தது?
2. போட்டம்கின் மாலுமிகளும் தல்வார் மாலுமிகளும் எதை மறுத்தார்கள்?
3. தல்வாரின் செய்தி மற்ற ஊர்களுக்கு எப்படிப் போனது?
4. இந்தியா எந்த ஆண்டு குடியரசானது?

கூடிப் பேசுவோம்

1. ஆங்கில அரசு இதைக் ‘கலகம்’ என்றது. மாலுமிகள் ‘வேலைநிறுத்தம்’ என்றார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஏன்?
2. மாலுமிகள் சரணடைந்தது சரியா? இரு பக்கமும் பேசிப் பாருங்கள்.

எழுதிப் பாருங்கள்

உங்கள் முகவரியை எழுதுங்கள். உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? வயதானவர்களைக் கேட்டு நான்கு வரி எழுதுங்கள்.