மனத்தின் நோய் மானக்கேடு அன்று



பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் என்ன செய்கிறீர்கள்? தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி முடிந்த பிறகே நாடாவை ஓட்டுகிறீர்கள். மறைத்து நெய்தால் சேலை பழுதாகும் என்பது ஆரணியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வீட்டுப் பிள்ளையின் மனம் நோயுற்றால் மாத்திரம் மறைக்கப் பார்க்கிறோம். "வெளியே தெரிந்தால் நாளைக்குச் சம்பந்தம் கூடுமா?" என்று அஞ்சுகிறோம்.

வாலிபப் பிள்ளை தூக்கமின்றித் தவிப்பதும், உணவை வெறுப்பதும், சிநேகிதரை விட்டு விலகுவதும், காரணமின்றி அழுவதும் வாரக்கணக்காய் நீடித்தால், அதைச் சோம்பல் என்றோ பசாசின் பிடி என்றோ சொல்லிவிடாதேயுங்கள். மனநோய்களில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்கு முன்பே தலைகாட்டுகின்றன.

பக்தி குறைந்தவருக்கே இது வரும் என்பார் உண்டு. அர்ச். குழந்தை தெரேசம்மாளின் தகப்பனார் லூயி மார்ட்டினைப் பாருங்கள். அவர் புத்தி தடுமாறி, 1889 முதல் 1892 வரை பிரான்ஸ் தேசத்துக் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் இருந்தார். பெண்மக்கள் மடத்துக்குப் போனதால்தான் இப்படியாயிற்று என்று ஊரார் முணுமுணுத்தார்கள். மக்களோ தகப்பனைக் குறித்து வெட்கப்படவில்லை. அவரையே 2015-ம் ஆண்டு திருச்சபை புனிதராக உயர்த்தியது.

மறைப்பதன் முடிவையும் நம் நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கு இரையானார்கள். அப்படிச் சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுக்கிறது.

ஆகையால் மந்திரவாதியிடம் ஓடாதேயுங்கள். குருவிடம் ஆசீர்வாதம் பெறுங்கள். வைத்தியரிடமும் தாமதமின்றிப் போங்கள். வைத்தியரை உண்டாக்கினவரும் சர்வேசுரனே என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. நமக்கு அருகே வேலூர் பாகாயத்திலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், குடும்பத்தாரும் நோயாளியுடன் தங்கியிருந்தே சிகிச்சை நடக்கிறது. வீட்டாரின் அன்பும் மருந்தாகும் அல்லவா?

பிள்ளை "சாகலாம் போலிருக்கிறது" என்று சொன்னால் கடிந்துகொள்ளாதேயுங்கள். எலியாஸ் தீர்க்கதரிசியும் மனம் சோர்ந்து, சாவை வேண்டிப் படுத்துக்கொண்டார். சம்மனசு அவரைத் திட்டவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். நீங்களும் அருகில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதேயுங்கள். 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவசமாய், தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

வாலிபரே, துன்பத்தைச் சொல்வது பாவமன்று, கோழைத்தனமுமன்று. அயலாரே, "பைத்தியம்" என்ற வார்த்தையை இன்றோடு விட்டுவிடுங்கள். நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்கு, காய்ச்சல்காரரைப் பார்க்கப் போவதுபோலவே இந்த வாரம் போய் வாருங்கள்.

வியாதிக்காரரின் ஆரோக்கியமான தேவமாதா நம் பிள்ளைகளைக் காப்பாற்றுவாளாக.

உங்கள் பங்குச் சுவாமியார்